கடைவாசல்: வாசகர் கேள்விகளும் அக்காவின் பதில்களும்

வாடிக்கையாளர் சேவைக்குத் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்டு எழுதும்படி சென்ற இதழில் சொல்லியிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. அவற்றில் பாதி, "எந்த மென்பொருள் நல்லது, என்ன விலை?" என்ற ரகம். அவற்றுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. விற்பவர்கள் உங்கள் கடைவாசலிலேயே நிற்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சத்திலிருந்து சிலவற்றை எடுத்திருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இலங்கை மலையகத்து ஹட்டனில், காசு கொடுத்துத் தொலைபேசி பேசும் கொமியூனிகேஷன் கடை நடத்தியவள். அதற்கு முன்பு கொழும்பில் ஒரு நிறுவனத்தின் தொலைபேசிச் சேவையில், "தமிழுக்கு இரண்டை அழுத்துங்கள்" என்ற குரலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். இரண்டு இடத்திலும் வாங்கிய ஏச்சுத்தான் என் படிப்பு.

கேள்வி: ஹட்டனில் தையற்கடை வைத்திருக்கிறேன், அக்கா. என்னோடு இரண்டு பெண்பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். "இன்னும் முடியவில்லை, அடுத்த கிழமை வாருங்கள்" என்று சொல்லிச் சொல்லியே ஆட்களை இழந்துகொண்டிருக்கிறேன். கணினியும் பில் போடும் மென்பொருளும் சேர்த்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். வாங்கலாமா?
(தையற்கடை உரிமையாளர், ஹட்டன்)

பதில்: வாங்க வேண்டாம், தங்கச்சி. பில் சரியில்லை என்று உங்களை விட்டு யாரும் போகவில்லை. சொன்ன நாளில் துணி கிடைக்காததால் போகிறார்கள். அந்தப் பெட்டியை வாங்கினால் அதே "அடுத்த கிழமை" அழகாக அச்சாகி வரும், அவ்வளவுதான்.

உங்களிடம் தைக்கக் கொடுப்பவர் பொகவந்தலாவையிலிருந்தோ சாமிமலையிலிருந்தோ வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு நடை, ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பு. ஹட்டன் வந்து சேரும்போது பாதி ஞாயிறு கரைந்துவிடும். கிழமை நாளில் வந்தாலோ அன்றைய பேரும், அதாவது ஒரு நாள் சம்பளமும், போய்விட்டது. அப்படி வந்தவர் வெறுங்கையோடு திரும்பி, இன்னொரு நாள் மறுபடியும் அதே பாட்டைப் பட வேண்டும். மலையில் கடை வைத்திருப்பவர்கள் எந்தக் கருவிக்குக் காசு கொடுக்கும் முன்பும், "இது யாருடைய பஸ் பயணத்தை மிச்சம் பிடிக்கும்?" என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஒருவருடையதையும் இல்லை என்றால் காசு பெட்டியிலேயே கிடக்கட்டும்.

உங்களுக்கு வேண்டியது கையிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018 முதல் புழக்கத்தில் இருக்கிறது, இலவசம். கடைக்கென்று தனி சிம் வாங்கி அதில் போடுங்கள். வீட்டு இலக்கத்தில் போட்டால் இரவு பத்து மணிக்கும் "கொக்கி வைத்தாயிற்றா?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவரின் உரையாடலுக்கும் நிறத்தோடு ஒரு சீட்டு ஒட்டி வைக்கும் வசதி அதில் உண்டு. நான்கு சீட்டு உங்களுக்குப் போதும்: துணி வந்தது, வெட்டியாயிற்று, தயார், கொடுத்தாயிற்று. கடை பூட்டும் முன் "வெட்டியாயிற்று" என்பதைத் தொட்டால், யார் யாருடைய வேலை மெஷினில் கிடக்கிறது என்று வரிசையாக வந்து நிற்கும்.

துணியை வாங்கும்போது அளவுச் சீட்டையும் துணியின் ஓரத்தையும் மேசையில் சேர்த்து வைத்து ஒரு படம் எடுத்து, அதை அவருக்கே அனுப்பிவிடுங்கள். "கழுத்தை இவ்வளவு இறக்கச் சொல்லவே இல்லையே" என்ற வழக்கு அதோடு ஓயும். பெயரைப் பதியும்போது தோட்டத்தையும் டிவிஷனையும் சேர்த்தே பதியுங்கள், ஒரே தோட்டத்தில் ஐந்து லெட்சுமி இருப்பார்கள். இலக்கத்தை வாங்கிக்கொண்டு, "இந்த போன் யார் கையில் இருக்கும்?" என்று கேட்கவும் மறக்க வேண்டாம். நம் பெண்கள் கொடுக்கும் இலக்கம் பல நேரம் கணவருடையது, இல்லையென்றால் மகனுடையது. மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்வான். நீங்கள் அனுப்பிய "தயார்" கொழும்புக்குப் போய்விடும். இங்கே அம்மா, தைத்தார்களோ இல்லையோ என்று தெரியாமலே பஸ் ஏறிக்கொண்டிருப்பார்.

பிளவுஸ் முடிந்ததும் ஹேங்கரில் மாட்டிப் படம் எடுத்து, கூடவே உங்கள் குரலையும் பதிந்து அனுப்புங்கள். எழுத்துக் கூட்டச் சிரமப்படும் வயதானவர்களுக்குக் குரல்தான் போய்ச் சேரும். செய்திக்குப் பக்கத்தில் ஒற்றைக் குறி மட்டும் நின்றால் அது இன்னும் அவருடைய போனுக்குப் போகவில்லை என்று பொருள். இரண்டு குறி விழ வேண்டும். கோயில் மேட்டில் ஏறினால்தான் சிக்னல் என்ற லயங்கள், தோட்டத்து வரிசை வீடுகள், இன்னும் இருக்கின்றன. மறுநாளும் ஒற்றைக் குறியே நின்றால் சாதாரணக் குறுஞ்செய்தி அனுப்புங்கள், ஆனால் சுருக்கமாக. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் உண்டு, தமிழில் எழுதினால் 70 இடம்தான். அதிலும் புள்ளி வைத்த "க்" என்ற எழுத்துக்கு இரண்டு இடம் போகும், ஏனென்றால் எழுத்தையும் புள்ளியையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார்கள். "லெட்சுமி, 214, பிளவுஸ் தயார். ஞாயிறு வரலாம்." இவ்வளவும் ஒரே செய்திக்குள் அடங்கிவிடும், 214 என்பது அவருடைய அளவுச் சீட்டின் இலக்கம். "எமது அன்பார்ந்த வாடிக்கையாளருக்கு" என்று மேடைப் பேச்சைத் தொடங்கினால் இரண்டு மூன்று செய்திக்குக் காசு போகும்.

இவ்வளவும் செய்தாலும் செயலி தைக்காது. ஒரு கிழமையில் உங்கள் மெஷின்களிலிருந்து எத்தனை பிளவுஸ் இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அது நிரம்பியதும் அதற்கடுத்த கிழமையின் திகதியைச் சொல்லுங்கள், தீபாவளிக்கு முந்தின கிழமையானாலும் சரி. முடியாதென்றால் துணியை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அவர் பக்கத்துக் கடைக்குப் போவார், போகட்டும். உண்மையைச் சொன்ன கடை என்று தைப்பொங்கலுக்குத் திரும்பி வருவார்.

கேள்வி: பலசரக்குக் கடை நடத்துகிறேன். வங்கியில் போட்டுவிட்டோம் என்று இப்போது பலரும் போன் திரையைக் காட்டுகிறார்கள். சிலருடைய காசு வரவே இல்லை. கியூ.ஆர். அட்டை வைத்தால் இது தீருமா?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: பாதி தீரும், ஐயா. திரையில் தெரியும் படம் காசு அல்ல. பழைய படத்தில் தொகையை மாற்றிக் காட்டுவதற்குப் பெரிய கெட்டிக்காரத்தனம் தேவையில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்துவிடுவார்கள். உங்கள் வங்கியிலிருந்து உங்கள் போனுக்கு வரும் செய்தி ஒன்றுதான் சாட்சி.

மத்திய வங்கி கொண்டுவந்த லங்கா கியூ.ஆர். முறையில் ஒரே அட்டைக்கு வெவ்வேறு வங்கிகளின் செயலிகளிலிருந்து காசு போடலாம், வங்கிக்கு ஒரு அட்டை ஒட்டிச் சுவரை நிரப்ப வேண்டியதில்லை. உங்கள் வங்கியில் கேட்டால் தருவார்கள். வங்கி பிடித்துக்கொள்ளும் கழிவு எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. காசு வந்த செய்தி யாருடைய போனுக்கு வருகிறது? நான் பார்த்த பல கடைகளில் அது முதலாளியின் சட்டைப் பைக்கு வருகிறது. முதலாளி சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருப்பார். கல்லாவில் நிற்கும் பையன் என்ன செய்வான்? படத்தைப் பார்த்துத் தலையாட்டுவான், அல்லது நேர்மையான ஆளை நெரிசலில் நிறுத்திவைத்து முதலாளிக்கு அழைப்பெடுப்பான். இரண்டும் அவமானம்தான். ஆகவே கல்லாவிலேயே ஒரு மலிவான போனை வைத்து, செய்தி அதற்கு வரும்படி வங்கியில் பதியுங்கள். "செய்தி விழுந்ததும் தருகிறேன், அண்ணா" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரிச் சொல்லப் பையனைப் பழக்குங்கள். சந்தேகப்பட்டவரிடம் மட்டும் சொன்னால்தான் சண்டை வரும்.

10ஆம் திகதியை ஒட்டித் தோட்டத்துச் சம்பளம் விழும் நாட்களில் கையில் காசு கொண்டு வருபவர்களுக்குத் தனி வரிசை போடுங்கள். காலையில் கடை திறந்ததும் அட்டையின் மேல் வேறெதையும் யாரும் ஒட்டவில்லையா என்று ஒரு தரம் தடவிப் பாருங்கள், வேறு ஊர்களில் அந்த வேலையும் நடந்திருக்கிறது.

கேள்வி: வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம். ஒருவர், "சுடுதண்ணீர் இல்லை, வழியும் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். காசு கொடுத்தால் அழித்துத் தருவதாக ஒரு பையன் சொல்கிறான்.
(வாசகி, நானுஓயா)

பதில்: அந்தப் பையனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கூகுளில் வந்த விமர்சனத்தைக் கடைக்காரரால் அழிக்க முடியாது. தூஷணம், விளம்பரம், சம்பந்தமில்லாத பேச்சு போன்று விதிகளை மீறியதாக இருந்தால் முறைப்பாடு செய்யலாம். தண்ணீர் சுடவில்லை என்பது விதிமீறல் அல்லவே. காசுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுத் தருபவர்களையும் கிட்டச் சேர்க்காதீர்கள். நானுஓயாவில் கடற்கரை அருமை என்று எழுதி மாட்டிவிடுவார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது, அதன் கீழே பதில் எழுதுவது. அவருக்காக அல்ல, அடுத்து வாசிக்கப்போகும் ஆளுக்காக. உங்கள் கூரையில் இருப்பது வெயிலில் சூடாகும் தண்ணீர்த் தாங்கி என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலிருக்கும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஜனவரியில் புல்லில் உறைபனி விழும் இடம். நாள் முழுக்க மூட்டம் கட்டினால் அந்தத் தாங்கி என்ன செய்யும்? அதை ஒளிக்காமல், மூட்டமான நாட்களில் மின்சாரத்தில் சுடவைத்து மாலை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை தருகிறோம் என்று அறை விளக்கத்திலேயே போடுங்கள். எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் போடுங்கள். முழங்கால் வலிக்காரர் வராமல் போவது உங்களுக்கும் நல்லது.

வழி விஷயத்தில் எனக்கு அந்தப் பயணியின் மேல் பரிதாபம்தான் வருகிறது. வரைபடத்தில் உங்கள் வீட்டின் குறி கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும். கொழும்பில் இருநூறு மீற்றர் தள்ளி விழுந்தால் பக்கத்து ஒழுங்கையில் நிற்பார். நம்மிடம் அது பள்ளத்துக்கு அந்தப் பக்கம், சுற்றி வர அரை மணி நேரம். கூகுளில் உங்கள் தங்குமிடத்தின் பக்கத்தைத் திறந்து, இடத்தைத் திருத்தும் பகுதிக்குப் போய், குறியை வாசற்படியில் கொண்டுவந்து வையுங்கள். பிறகு நீங்களே நானுஓயா ரயில் நிலையத்திலிருந்து அந்த வழிகாட்டலைப் பின்பற்றி நடந்து பாருங்கள். வண்டி திரும்ப வேண்டிய ஒவ்வொரு முடக்கிலும் ஒரு படம் எடுத்து, அறை பதிந்தவருக்கு வருவதற்கு முதல் நாளே அனுப்பிவிடுங்கள். பதுளைப் பாதையில் ரயில் நேரத்துக்கு வருவது ரயிலின் விருப்பம். இருட்டில் வந்து இறங்கும் ஆளிடம் அந்தப் படங்கள் ஏற்கெனவே போனில் இருக்க வேண்டும், அங்கே சிக்னலை நம்பக் கூடாது.

கேள்வி: புத்தகக்கடையின் விலைப்பட்டியலைத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்புகிறோம். "என்ன இது, பேய் எழுத்தாக இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.
(வாசகர், பதுளை)

பதில்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எல்லாப் போனிலும் தெரியும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் தளங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, கோப்பை அதில் போட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு "ர" வும் துணைக்காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஒரு முறை வாசித்துவிடுங்கள். இனிமேல் புதிதாக எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள். போனில் தமிழ் விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் அதுவே எழுதித் தரும், கொப்பி விலையை வாயால் சொல்லி முடித்துவிடலாம்.

கேள்வி: பெண்களுக்கான உடுப்புக்கடை. புதுச் சரக்கு வந்ததைச் சொல்வதற்காக எல்லா வாடிக்கையாளர்களையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். ஒரு பெண் கடைக்கே வந்து சத்தம் போட்டுவிட்டார். நல்லது செய்யப் போய் ஏச்சு வாங்கினேன்.
(வாசகர், பண்டாரவளை)

பதில்: ஏச்சு போதாது, தம்பி. குழுவில் சேர்த்த அந்த நிமிடமே ஒவ்வொரு பெண்ணின் இலக்கமும் முன்பின் தெரியாத எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது. அதில் யாருடைய தம்பி, யாருடைய கணவன் கையில் எந்தப் போன் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அன்றிரவே அவருக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து "ஹலோ" வந்திருக்கும். கடைக்கு வந்து சத்தம் போட்டவர் ஒருவர்தான். சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ.

குழுவை இன்றைக்கே கலையுங்கள். அதே வாட்ஸ்அப்பில் ஒலிபரப்புப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை போடலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் உங்கள் இலக்கத்தைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பலர் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்த பகுதி. வேண்டும் என்பவர் பதிந்துகொள்வார், வேண்டாதவருக்குத் தொல்லை இல்லை. பில் கொடுக்கும்போது, "புதுச் சரக்கு வந்தால் சொல்லவா? அப்படியென்றால் இந்த இலக்கத்தைப் பதிந்துகொள்ளுங்கள்" என்று கேளுங்கள்.

பிறந்தநாள், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி வாங்கும் கொப்பி ஒன்று கல்லாவில் திறந்தபடி கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சுடிதார் விற்க அடையாள அட்டை எதற்கு? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அதைப் படிக்க நேரமில்லை என்றால் கொப்பியையாவது மூடி வையுங்கள்.

கேள்வி: நான் கடைக்காரர் அல்ல, வாங்குபவர். குளிர்சாதனப் பெட்டி பழுதாகிவிட்டது. உத்தரவாதம் இன்னும் முடியவில்லை, ஆனால் பில்லில் இருந்த எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. கடையில் பில் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்கிறார்கள்.
(வாசகர், ராகலை)

பதில்: அந்தத் தாளில் மை இல்லை. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுத்தான் அதில் இருக்கிறது. வெயில், சூடு, பிளாஸ்டிக் உறை எது பட்டாலும் காலப்போக்கில் வெளுத்துவிடும். நீங்கள் பத்திரமாக உறைக்குள் போட்டு வைத்ததே அதைக் கெடுத்திருக்கலாம். வாங்கிய திகதியும் தொகையும் கடையின் கணினியில் இருக்கும், கார்டில் கட்டியிருந்தால் வங்கிக் கூற்றிலும் இருக்கும். பெட்டியின் தொடர் இலக்கத்தை எழுதிக்கொண்டு போய்த் தேடித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

இதை வாசிக்கும் கடைக்காரர்களுக்கு: உத்தரவாதம் உள்ள பொருளை விற்றால் பில்லைப் படமெடுத்து அங்கேயே அவருக்கு அனுப்பிவிடுங்கள். ராகலையிலிருந்து ஒரு மனிதர் வெள்ளைத் தாளோடு வந்து நிற்கும் நிலை வராது.

கேள்வி: பேக்கரியில் கேக் ஓர்டர் எடுக்க, தானாகவே பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் சேவை ஒன்றைப் போடலாம் என்று நினைக்கிறேன்.
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: ஒரு நாளைக்கு எத்தனை ஓர்டர் வருகிறது? கை விரலுக்குள் அடங்கும் என்றால் நீங்களே பேசுங்கள். தொலைபேசிச் சேவையில் உட்கார்ந்திருந்த காலத்தில், எங்களை அழைத்தவர்களுக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி பிரச்சினையால் வந்ததல்ல. பதிவுக் குரலோடு பேசிப் பேசிக் களைத்து, கடைசியில் மனிதக் குரல் கிடைத்ததும் அவ்வளவையும் எங்கள் தலையில் கொட்டுவார்கள். அந்தக் களைப்பை நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? கடை மூடிய நேரத்தில் வரும் செய்திக்கு, "காலை ஆறு மணிக்குப் பதில் சொல்கிறோம்" என்று தானாகப் போகும்படி வாட்ஸ்அப் பிசினஸிலேயே வைக்கலாம். சொன்னபடி ஆறு மணிக்குப் பதில் சொல்லுங்கள்.

கேக் கடையில் உண்மையான சிக்கல் வேறு. உங்கள் பேக்கரியில் கிறீம் எழுதும் தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். "ஹரிஷ்னி" என்று சொன்னது கேக்கில் என்னவாக வந்தது என்பதையும் படித்துச் சிரித்தேன், ஆனால் அந்தத் தாய் சிரித்திருக்கமாட்டார். பெயரை வாடிக்கையாளரையே தட்டி அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தம்பியின் முன்னால் ஒட்டுங்கள், அவர் பார்த்து வரைந்துவிடுவார். பெட்டியில் வைக்கும் முன் ஒரு படம் எடுத்து அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு மூடுங்கள்.

கேள்வி: அப்பா நாவலப்பிட்டியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். எல்லாம் அவருடைய தலைக்குள்ளும் கடன் கொப்பிக்குள்ளும்தான் இருக்கின்றன. நான் கணினி படித்துவிட்டு வந்திருக்கிறேன். கணினி வைக்கலாம் என்றாலே, "என் கடைக்கு வருபவன் என்னிடம்தான் வருகிறான், பெட்டியிடம் இல்லை" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
(வாசகர், நாவலப்பிட்டி)

பதில்: உங்கள் அப்பா சொன்னது சரி. அதிலிருந்தே தொடங்குங்கள்.

ஹார்ட்வெயார் கடைக்கு வருபவருக்குப் பாதி நேரம் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. உடைந்த குழாய் மூட்டைக் கையில் கொண்டு வருவார், அல்லது கொண்டு வராமல், "இப்படி வளைந்து, இந்தப் பக்கம் புரி இருக்கும்" என்று காற்றில் வரைந்து காட்டுவார். அப்பா பார்த்த உடனேயே அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்று சொல்லிவிடுவார். வேறு சாமானை வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் மறுபடியும் பஸ் ஏறி வர வேண்டும். அப்பாவின் தலைக்குள் இருக்கும் அந்தக் கணக்கை எந்த மென்பொருளும் உங்களுக்கு விற்காது. ஆனால் அந்தக் கண்ணைத் தோட்டம் வரை கொண்டுபோக முடியும்.

கடை வாசலில் ஒரு பலகை வையுங்கள்: "உடைந்த சாமானைப் படமெடுத்து இந்த இலக்கத்துக்கு அனுப்புங்கள். பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து எடுங்கள்." குற்றி பக்கத்தில் இருந்தால் அளவு பிடிபடும். படம் வந்ததும் போனை அப்பாவிடம் கொடுங்கள். அவர் பார்த்து, "முக்கால், இருக்கிறது, இன்ன விலை" என்று பேசிப் பதிவு செய்யட்டும். அவர் எழுத வேண்டியதில்லை, கணினியைத் தொடவும் வேண்டியதில்லை. முதல் படத்துக்குச் சலித்துக்கொள்வார். பத்தாவது படத்துக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே போனைக் கேட்பார்.

சரக்குக் கணக்கையும் முழுக் கடைக்கும் ஒரேயடியாகப் போடப் போகாதீர்கள். ஆணி, திருகாணி எல்லாவற்றையும் எண்ணி ஏற்றத் தொடங்கிப் பாதியில் விட்ட கடைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாதிக் கணக்கை நம்பி, "இருக்கிறது" என்று சொல்லி ஆளை வரவழைத்துவிட்டு இல்லையென்று கைவிரிப்பதைவிடக் கணக்கே இல்லாமல் இருப்பது மேல். சீமெந்து, கூரைத் தகடு, குழாய், மழைக்காலத்தில் படங்கு. இந்த நான்கைந்தும்தான் லொறியோ ஆட்டோவோ பிடித்துக்கொண்டு வந்து வாங்கும் சாமான்கள். இவற்றின் கையிருப்பையும் அன்றைய விலையையும் மட்டும் ஒவ்வொரு காலையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள். தகட்டை நம்பி லொறி பேசிக்கொண்டு வந்தவர், தகடில்லாமல் லொறிக்கூலியை மட்டும் கட்டிவிட்டுப் போகும் கொடுமை அதோடு நிற்கும். கணினி வேண்டுமா என்பதை ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம். ஒருவேளை வேண்டியிருக்கும், ஒருவேளை வேண்டியிருக்காது.

கடன் கொப்பிதான் நுணுக்கமான இடம். கடன்காரருக்கு நினைவூட்டல் தானாகப் போகும்படி செய்யலாம் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்யாதீர்கள். தையற்கடைத் தங்கச்சிக்குக் குரல் பதிவை அனுப்பச் சொன்னேன், உங்களுக்கு அதே குரல் பதிவு வேண்டாம் என்கிறேன். லயத்தில் ஒரு காம்பராவில், அதாவது ஒரு வீட்டு அறையில், போனில் போடும் குரல் அடுத்த காம்பராவுக்கும் கேட்கும். பிளவுஸ் தயார் என்பது ஊருக்குக் கேட்டால் தங்கச்சிக்கு விளம்பரம். உங்கள் கடையில் இன்னாருக்கு எட்டாயிரம் பாக்கி என்பது கேட்டால் அந்த ஆள் இனி உங்கள் கடைப்பக்கம் வரமாட்டார், பாக்கியும் வராது.

நினைவூட்டுவதற்குப் பதிலாக ரசீது அனுப்புங்கள். ஒருவர் ஐந்நூறு ரூபாய் கட்டினால் அந்த நிமிடமே எழுத்தில், அவருக்கு மட்டும்: "500 கிடைத்தது, மிச்சம் 7,500." சாமான் எடுத்தாலும் அப்படியே. கடைக்காரர் கொப்பியில் என்ன எழுதுகிறார் என்று தெரியாமல் கட்டிக்கொண்டே இருந்த தலைமுறை நம்முடையது. மிச்சம் எவ்வளவு என்பது தன் போனிலும் இருக்கிறது என்று தெரிந்தால், கேட்காமலே கொண்டுவந்து கட்டுபவர்கள் இருக்கிறார்கள். கட்டாத சிலரும் இருப்பார்கள். அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது அப்பாவுக்குத் தெரியும், அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அப்பாவிடம் இப்போதைக்கு ஒரே ஒரு அனுமதி கேளுங்கள்: கடை பூட்டும் முன் கொப்பியின் அன்றைய பக்கத்தைப் படமெடுக்க. பில், மென்பொருள் என்ற பேச்சையெல்லாம் எடுக்க வேண்டாம். மகாவலிக் கரையில் இருக்கும் ஊர், மழைக்காலத்தில் கொப்பி நனைந்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு அவர் மறுப்புச் சொல்லமாட்டார்.